யார் அழைத்தார்கள், யார் வந்தார்?

மாதாந்திர இலக்கியக் கூட்டம் என்றால் நமக்குப் பழகிய வடிவம் ஒன்று உண்டு. நூலக அறை, இருபது நாற்காலி, வரவேற்புரை, சிறப்பு விருந்தினர், பொன்னாடை, நன்றியுரை. இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்கலாம். அழைப்பிதழிலேயே வந்துவிடுகிறது. யார் அழைக்கிறார்கள், யாரை அழைக்கிறார்கள் என்பது வெறும் ஏற்பாட்டு வேலை அல்ல. மராத்திய தலித் இலக்கியத்தின் வரலாறு அதைத் தெளிவாகக் காட்டுகிறது.

மராத்தி நூலாசிரியர்களின் முதல் கூட்டம் 1878இல் நடந்தது. முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் மகாதேவ் கோவிந்த ரானடே. 1885இல் அடுத்த கூட்டத்திற்கு ஜோதிராவ் புலேவுக்கும் அழைப்பு வந்தது. அவர் போகவில்லை. மறுப்பைக் கடிதமாகவே எழுதி அனுப்பினார். எல்லா மனிதருக்கும் உரிமை உண்டு என்பதை மனதார ஏற்காதவர்கள் கூட்டும் சபையும், அவர்கள் எழுதும் நூல்களும் எங்களோடு பொருந்தாது என்பது அதன் சாரம். மேடையில் ஓர் இருக்கை கிடைப்பதும் சபையில் உரிமை கிடைப்பதும் வேறு வேறு என்பதை அவர் அன்றே பிரித்துப் பார்த்தார்.

மறுத்தாயிற்று, அடுத்து என்ன? அதற்கான விடை எழுபது ஆண்டுகளுக்குப் பின் பம்பாயில் கிடைத்தது. அம்பேத்கர் 1956 அக்டோபரில் பௌத்தம் தழுவினார், டிசம்பரில் மறைந்தார். 1958 மார்ச்சில் தாதரில் முதல் தலித் இலக்கிய மாநாடு கூடியது. இம்முறை அழைத்தவர்கள் தலித்துகள். தொடங்கிவைக்க வந்தவர் அண்ணாபாவ் சாத்தே.

அவர் யார் என்பதை நிதானமாகக் கவனியுங்கள். மாங் சாதியில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு கிட்டத்தட்ட இல்லை. ஊரிலிருந்து குடும்பத்தோடு பம்பாய்க்கு நடந்தே வந்தவர், ஆலைத் தொழிலாளி, கம்யூனிஸ்ட், செங்கொடிக் கலைக்குழுவோடு தெருத்தெருவாகப் பாடியவர். அம்பேத்கரோடு பௌத்தம் தழுவியவர்களில் பெரும்பான்மையோர் மகர்கள். கம்யூனிஸ்டுகளுக்கும் அம்பேத்கர் இயக்கத்துக்கும் இடையே கசப்பும் இருந்தது. சாதி வேறு, கட்சி வேறு. ஆனாலும் அந்த மேடையில் முதல் குரல் அவருடையது. பூமி ஆதிசேஷன் தலைமேல் நிற்கவில்லை, தலித்துகள், உழைப்பாளிகள் கைகளில் நிற்கிறது என்று புராணத்தைப் புரட்டிப் போட்டார். அடுத்த ஆண்டு வெளிவந்த தம் ‘ஃபகீரா’ நாவலை அம்பேத்கருக்குக் காணிக்கையாக்கினார்.

அந்த மாநாடு பேச்சோடு கலையவில்லை. தலித்துகள் எழுதியதையும், தலித்துகளைப் பற்றி மராத்தியில் பிறர் எழுதியதையும் தலித் இலக்கியம் என்ற தனி வகையாக ஏற்க வேண்டும், பல்கலைக்கழகங்களும் இலக்கிய அமைப்புகளும் அதன் பண்பாட்டு முக்கியத்துவத்தை உணர வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அன்று பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் தீர்மானம் எழுத்தில் இருந்தது. எழுத்தில் இருந்ததால்தான் பின்னால் வந்தவர்கள் அதை எடுத்து விவாதிக்க முடிந்தது. பிறர் எழுதியது தலித் இலக்கியம் ஆகுமா என்ற சண்டைகூட அங்கிருந்து கிளைத்ததுதான்.

விதை முளைக்க நிலம் வேண்டுமே. அதை அம்பேத்கர் முன்பே உழுது வைத்திருந்தார். அவருடைய மக்கள் கல்விக் கழகம் 1946இல் பம்பாயில் சித்தார்த் கல்லூரியையும், 1950இல் ஔரங்காபாத்தில் பின்னாளில் மிலிந்த் என்று பெயர்பெற்ற கல்லூரியையும் தொடங்கியது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகள் அங்கே கூடினார்கள், எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டினார்கள். 1967இல் எம்.என்.வான்கடே, கங்காதர் பான்தவணே போன்றோரின் முயற்சியில் ‘அஸ்மிதா’ இதழ் அங்கிருந்து வந்தது. அதுவே பிறகு ‘அஸ்மிதாதர்ஷ்’ ஆனது. எழுத்தாளரும் வாசகரும் சேர்ந்து உட்காரும் சந்திப்புகளையும் அது நடத்தியது. 1972இல் தலித் பேந்தர்ஸ் தொடங்கியபோது முன்னணியில் நின்ற நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜே.வி.பவார் மூவரும் எழுத்தாளர்களே. அறைக்குள் வாசித்த தலைமுறைதான் தெருவுக்கும் வந்தது.

நம் ஊர்க் கூட்டங்களை இந்த வரலாற்றின் அருகில் வைத்துப் பார்ப்போம். ஏப்ரல் 14க்கு மட்டும் நம்மை நினைக்கும் அமைப்புகளை விமர்சிக்க நமக்குத் தெரியும். அது தேவைதான். ஆனால் நாமே நடத்தும் கூட்டங்களில் அருந்ததியர் எழுத்தாளர் ஒருவர் எத்தனை முறை தொடக்கவுரை ஆற்றியிருக்கிறார்? பறையரும் பள்ளரும் அருந்ததியரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒருவர் கதையை மற்றவர் கேட்ட மாலைகள் எத்தனை? பெண்கள் கவிதை வாசிக்கவும் நன்றி சொல்லவும் மட்டும்தான் எழுகிறார்களா? தூய்மைப் பணியாளர் ஒருவர் பேச வந்தால் அவரை ‘அனுபவப் பகிர்வு’ என்று போட்டுவிட்டு, ‘கருத்துரை’யைப் பேராசிரியருக்கு ஒதுக்குகிறோமா?

கல்லூரியிலோ குடியிருப்பிலோ வாசகர் வட்டம் தொடங்கும் தோழர்களுக்குச் சொல்ல மூன்று விஷயங்கள் உண்டு. விருந்தினர் பட்டியலை எழுதியதும் அதில் எந்தச் சாதி, எந்தப் பால் விடுபட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விருந்தினர் பேசும் நேரத்துக்குக் குறையாமல் உள்ளூர்ப் பிள்ளைகள் தாங்கள் எழுதியதை வாசிக்க நேரம் வையுங்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு குறிப்பேட்டில் தேதி, வந்தவர்கள், பேசியது, முடிவு செய்தது எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பொன்னாடைக்கு ஒதுக்கிய காசில் அந்தக் குறிப்பேட்டை வாங்கிவிடலாம்.