மெயாட்சா, ஜூசெப்பே (1910–1979)

இத்தாலியக் கால்பந்தாட்ட வீரர். மிலான் நகரில் 1910 ஆகஸ்டு 23-ஆம் தேதி பிறந்து, முதல் உலக மகாயுத்தத்தில் தந்தையை இழந்து, சந்தையில் காய்கனி விற்ற தாயின் உழைப்பிலே வளர்ந்த இவரை, தேகம் மெலிந்தவர் என்று ஏ.சி. மிலான் சங்கத்தார் நிராகரித்துவிட, அந்நகரின் மற்றொரு சங்கமான இன்டர் ஏற்றுக்கொண்டது. அங்கே பயிற்சியாளராயிருந்த ஹங்கேரி நாட்டு யூதர் ஆர்ப்பாட் வைஸ், சிறுவனின் சாமர்த்தியத்தை உணர்ந்து, இரண்டு கால்களும் ஒன்றுபோல் வசப்படும்வரை சுவரில் பந்தை உதைத்துப் பழகச் செய்தார். 1927-இல், பதினேழாம் வயதில் இவர் முதன்முதலாகக் களமிறங்கவிருந்தபோது, இனிப் பாலர் படையிலிருந்தும் ஆள் எடுக்கப்போகிறார்களோ என்று மூத்த ஆட்டக்காரர் ஒருவர் பரிகாசம் செய்தார். முசோலினியின் கட்சி சிறுவர்களுக்கென நடத்திய அந்த ஸ்தாபனத்தின் பெயரான ‘பலில்லா’ அன்று முதல் இவருக்குப் பட்டப்பெயராயிற்று.

முதல் டிவிஷன் சங்கங்களெல்லாம் ஒரே பிரிவில் மோதும் முறை 1929–30-இல் தொடங்கியபோது, அந்தப் பருவத்திலேயே 31 கோல்கள் அடித்துத் தம் சங்கத்துக்குப் பட்டம் வாங்கித் தந்தார். (ஆட்சியாளரின் நிர்ப்பந்தத்தால் இன்டர் அக்காலத்தில் அம்ப்ரோசியானா என்று அழைக்கப்பட்டது.) கோல்காப்பாளரைத் தம்மை நோக்கி வரவிட்டு, கடைசிக் கணத்தில் அவரை ஏய்த்து வெறும் வலையினுள் பந்தைத் தட்டிவிடும் லாவகம் இவருடைய முத்திரையாகப் பிரசித்தி பெற்றது. பிரில்லியன்டைன் பூசி வாரிய தலையும், டாங்கோ நடனப் பிரியமும், இரவுக் கேளிக்கையும் பத்திரிகைகளுக்குத் தீராத விஷயங்களாயின.

பயிற்சியாளர் விட்டோரியோ பொட்ஸோவின் தேசிய அணியில் 1934, 1938 ஆகிய இரு உலகக் கோப்பைகளையும் வென்றவர்களுள் இவரும் ஒருவர். பின்னதில் இவரே தலைவர். அவ்வாண்டு மார்சேய் நகரில் பிரேசிலுடன் நடந்த அரையிறுதியில், இடுப்பு நாடா அறுந்த கால்சட்டையை ஒரு கையால் பற்றிக்கொண்டு பெனால்டியைக் கோலாக்கினார் என்று சொல்வதுண்டு. இவ்வெற்றிகளின் கீர்த்தியைத் தன் புகழாக்கிக்கொண்ட அதே அரசாங்கம், 1938-இல் யூதர்களுக்கெதிராகச் சட்டங்கள் இயற்றி வைஸை நாட்டைவிட்டு வெளியேற்றியது. அவர் 1944 ஜனவரியில் ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டார். மெயாட்சாவின் சரித்திரத்தைச் சொல்வோர் கோல்களை எண்ணும் ஆர்வத்தில் இந்த மனிதரை நெடுங்காலம் மறந்திருந்தது நியாயமன்று.

இரத்த ஓட்டம் தடைப்பட்டு இடக்கால் மரத்துப்போன நோயினால் ஓராண்டுக்கு மேல் ஆடாதிருந்து, பின்னர் 1940-இல், முன்பு தம்மை வேண்டாமென்ற ஏ.சி. மிலானிலேயே சேர்ந்தார். யுவென்டஸ் முதலிய சங்கங்களிலும் ஆடி, 1947-இல் இன்டரில் ஓய்வு பெற்றார். துருக்கியின் பெஷிக்டாஷ் உட்படச் சில அணிகளுக்குப் பயிற்சியளித்தும் ஆட்டக்காரராகப் பெற்ற புகழ் அத்துறையில் வாய்க்கவில்லை. ஆயினும் தந்தையை விமான விபத்தில் பறிகொடுத்த சாண்ட்ரோ மட்ஸோலா போன்ற இளைஞர்களை உருவாக்கியதில் இவருக்குப் பங்குண்டு.

1979 ஆகஸ்டு 21-ஆம் தேதி ரப்பாலோவில் காலமானார். மறு வருஷம், இன்டரும் மிலானும் பொதுவாகப் பயன்படுத்தும் சான் சிரோ மைதானத்துக்கு இவர் பெயர் சூட்டப்பட்டது. மிலான் ரசிகர்கள் பெரும்பாலும் பழைய பெயரையே சொல்கின்றனர். தேசிய அணிக்காக 53 ஆட்டங்களில் இவர் அடித்த 33 கோல்களை இதுவரை லூயிஜி ரீவா ஒருவரே விஞ்சியிருக்கிறார்.