ஒரு சைஸ் பெருசா வாங்கினா சரியாகுமா?

போன மாசம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அக்கா மகளைப் பார்த்தேன். மதுரையில் இன்டர்வியூ முடித்து வந்திருந்தாள். புது ஹீல்ஸ் கையில், கால் வெறுங்கால்.

"மாமா, முன்னால நெரிக்குதுன்னு ஒரு சைஸ் பெருசாத்தான் வாங்குனேன். இப்பப் பின்னால கழண்டு கழண்டு குதிகாலெல்லாம் புண்ணு" என்றாள்.

அன்றைக்கு ராத்திரியே தேட உட்கார்ந்தேன். கிடைத்ததை எழுதி வைக்கிறேன்.

ஹீல்ஸ் நடப்பதற்காகப் பிறந்ததே இல்லை. பாரசீகக் குதிரை வீரர்கள் அங்கவடியில் கால் வழுக்காமல் ஊன்றி நிற்கப் போட்டது. 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆண்கள் பிடித்துக்கொண்டார்கள். பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் அரசவையில் சிவப்புக் குதிகால் என்றால் மேட்டுக்குடி அடையாளம். பின்னால் ஆண்கள் கழற்றிவிட்டார்கள். பெண்கள் காலில் தங்கிவிட்டது.

காலில் போடுவது அந்தஸ்தாவது நமக்கும் புதிதில்லை. திருச்சுழிப் பக்கம் கரிசல் காட்டில் களையெடுத்த எங்க அப்பத்தா கடைசிவரை செருப்பே போட்டதில்லை. எங்க ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் சில தெருக்களைத் தாண்ட முடியும் என்றிருந்த காலம். அவர் பாதம் முன்பக்கம் விசிறி மாதிரி அகன்றிருக்கும். வெறுங்காலோடு நடந்தே பழகிய இந்தியர்களின் பாதம் ஒப்பீட்டளவில் அகலமானது என்று 2009-ல் வந்த ஓர் ஆய்வும் சொல்கிறது.

இப்போது கடைக்கு வருவோம். பெட்டியில் போட்டிருக்கும் 5, 6 எல்லாம் பிரிட்டிஷ் அளவு. ஒரு சைஸுக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் ஒரு பார்லி மணியின் நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்த எண் நீளத்தை மட்டும்தான் சொல்கிறது. அகலத்தை யாரும் கேட்பதில்லை.

சென்னையில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 கடைசியிலிருந்து 2022 வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை அளந்தது. நம்ம கால் அகலம்; அதனால் நீளம் கூடின செருப்பை வாங்கி ஒப்பேற்றுகிறோம் என்று தெரிந்தது. ஹீல்ஸில் இது கூடுதல் ஆபத்து. இந்தியக் கால்களுக்கென 'பா' என்ற புது அளவுமுறையை முன்வைத்திருக்கிறார்கள்.

ஏன் ஆபத்து? குதிகால் உயர்ந்ததும் உடம்பின் பாரம் பாதத்தின் முன்பகுதிக்கு இறங்குகிறது. செருப்பு நீளமானால் கால் சரிந்து முன்னால் போகிறது. விரல் நசுங்குகிறது, பின்னால் உரசுகிறது. அக்கா மகளுக்கு நடந்தது இதேதான்.

ஆகவே, பெரிய சைஸ் வேண்டாம், அகலமான முன்பக்கம் பாருங்கள். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். அப்போது போய் வாங்குங்கள். குதிகால் குட்டையாகவும் பட்டையாகவும் இருக்கட்டும். கணுக்காலைப் பிடிக்கும் வார் இருந்தால் கால் சரியாது. முன்பாதத்துக்கு அடியில் மெத்தென்று ஓர் அட்டை வைக்கலாம்.

அவளைப் பேப்பரில் காலை வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். வாங்கிய செருப்பை அதன்மேல் வைத்தால் இரண்டு பக்கமும் கோடு வெளியே நிற்கிறது.

"என் கால்தான் சரியில்லைன்னு நெனச்சேன் மாமா" என்றாள்.

கால் சரியாத்தான் இருக்கு. அதை யாரும் அளந்து பார்க்கலை, அவ்வளவுதான்.