பழைய தப்பை அறிவதும் புதுக்குவதும்

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில், 1917ஆம் ஆண்டில், பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே செம்பனையை வாணிகப் பயிராக நட்டார். மலாயாவில் அதுவே முதலாவதாகும். இத்தகைய தோட்டங்களுக்குக் கங்காணி முறையில் வந்த தமிழர், தம் வழிபாட்டோடு தப்பையும் உடன் கொணர்ந்தனர். அவ்வரவு 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றது. ஆதலின் அக்காலத்துத் தப்பு ஒன்று எஞ்சியிருப்பின், அது முதற் குடியினரின் கைச்சான்றாகும்.

அதனை அறிவது எங்ஙனம்? தோலைக் கொண்டு அன்று. தோல் கிழியும்; மாற்றப்படும். சட்டமே சான்று. வளைந்த மரத்துண்டுகள் மூன்றை இரும்புத் தகடுகளால் இணைத்து வட்டமாக்குவது பழைய முறை. திருகாணியால் முடுக்கும் இரும்பு வளையமும் பிளாஸ்டிக் தோலும் பிற்காலத்தன.

புதுக்குவோர் முதலில் இணைப்புகளைச் செப்பனிடல் வேண்டும். தகடு தளர்ந்திருப்பின், காயும் தோல் இழுக்கையில் வட்டம் கோணிவிடும். பின்னரே, ஊறிய கன்றுத் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி உலர்த்துவர். அடிக்குமுன் தீயில் காய்ச்சினால், தோல் விறைத்து ஒலி கணீரென எழும். பிளாஸ்டிக் தோலுக்குத் தீயும் வேண்டா. மழையாலும் அது தளராது. இவ்வசதியை முன்னிட்டுப் பழைய மரச்சட்டத்தைக் கைவிடுவோர் உளர்.

சாதியின் பெயரால் தப்பின்மேல் சுமத்தப்பட்ட இழிவும் அதனை மூலையில் ஒதுக்கிற்று. தோட்டங்கள் வீட்டுமனைகளாகி மக்கள் இடம்பெயர்கையில், தோலிழந்த சட்டம் விறகென எண்ணப்படுதல் எளிது. கிழிந்தது தோல் மட்டுமே. எறியப்படுவதோ கருவி முழுவதும் ஆகும்.