யார் சொன்ன கதை?

நம் பழைய மாணவியருள் பல்கலைக்கழகம் சென்று ஆங்கில இலக்கியத்தைச் சிறப்புப் பட்டமாகப் படித்தவர்களும் உள்ளனர். அவர்கள் படித்த பாடங்களுள் ஒன்று எடுத்துரைப்பியல். ஒரு கதையில் என்ன நடந்தது என்பதோடு அது நிற்பதில்லை. கதையை யார் சொல்கிறார், எதை முதலில் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்றெல்லாம் கேட்கும். பார்ப்பவர் வேறு, சொல்பவர் வேறாக இருக்கலாம் என்று பிரெஞ்சு அறிஞர் ஜெரார் ஜெனெத் 1972இல் பிரித்துக் காட்டினார். மருத்துவரான எனக்கு இது தூரத்துப் பாடம்தான். ஆனாலும் நமது மலையகத்தின் வரலாற்றை வாசிக்க இதைவிட நல்ல விளக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

தொடக்க காலத்தில் நம் கதையைச் சொன்னவர்கள் துரைமார். கோப்பிக் காலத்துப் புத்தகங்களில் காடும் மழையும் இலாப நட்டமும் விரிவாக வரும். கூலியாட்கள் கூட்டமாக வந்து கூட்டமாகப் போவார்கள். ஒருவராவது வாய் திறந்து பேசுவது அபூர்வம். 1869இல் ஆபிரகாம் ஜோசப் எழுதிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ வெளிவந்தது. மலையகத்தின் முதல் அச்சு நூல்களுள் அது ஒன்று. மொழி தமிழ், மெட்டு நம் பெண்களின் கும்மி மெட்டு. பார்வை மட்டும் தோட்ட நிர்வாகத்தின் பார்வை. ஜெனெத் சொன்ன வேறுபாட்டுக்கு வேறு உதாரணம் தேடி பிரான்சுக்குப் போகத் தேவையில்லை.

பேராசிரியர் லுடோவைக் கேம்பிரிட்ஜில் பயின்று வந்து, இங்கே ஆங்கிலத்துறையைக் கட்டியெழுப்பினார். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது. 1952இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. பாடத்தின் வரிகளை நுணுகி வாசிக்கும் பயிற்சி அங்கு வலுவாக வேரூன்றியது. பேராதனையிலிருந்து ஹட்டனுக்குச் சில மணி நேர ரயில் பயணம்தான். ஆனால் அந்நாளில் லயத்துப் பிள்ளைகளுக்கு அந்தத் தூரம் கடக்க முடியாதது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான்.

பேராதனையில் தமிழ் படித்த க. கைலாசபதி, பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தார். யூகோஸ்லாவியாவின் எழுத்தறியாப் பாடகர்கள், வழிவழி வந்த தொடர்களைக் கோத்துப் பாடும்போதே கதையை ஆக்குகிறார்கள் என்று மில்மன் பரியும் அல்பேட் லோர்டும் கண்டறிந்திருந்தனர். அந்த முறையைக் கைலாசபதி சங்கப் பாடல்களுக்குப் பொருத்தினார். ஆங்கிலத்தில் அவர் எழுதிய தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய நூல் 1968இல் ஒக்ஸ்போர்டில் வெளியானது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய பாணருக்குப் பொருந்திய அந்த அளவுகோலை, காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் ஆடும் நம் தோட்டங்களுக்கும் கொண்டுவந்திருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

அந்தப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1914இல் வட்டகொடைப் பக்கம் மடக்கும்பரத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் பாராளுமன்றம் சென்ற எழுவரில் ஒருவர். அவரது தொகுதி தலவாக்கலை. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அவரைத் தெரிவுசெய்த மக்களில் பெரும்பாலோர் நாடற்றவராயினர், வாக்கும் போயிற்று. அதன் பிறகு அவர் ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையைச் சக்தி அ. பால ஐயா ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கினார். துரைமாரின் மொழியிலேயே, ஆனால் லயத்து வாசலில் நின்று பார்த்து எழுதியது அது. சட்டசபையில் பேசும் வழி அடைபட்டவர்களுக்காக அவர் இலக்கியத்தில் பேசினார் என்றே நான் வாசிக்கிறேன்.

பெண்களின் குரல்? கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகச் சென்று பாடினார். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வந்தது. இவற்றுக்கெல்லாம் முந்தியது ஒப்பாரி. அதில் இறந்தவரின் கதையைச் சொல்பவள் ‘நான்’ என்றே சொல்கிறாள். கங்காணி மீதான கோபமும் கடலுக்கு அப்பால் விட்டுவந்த தாய்வீடும் அதற்குள்ளேயே வந்துவிடும். எங்கள் வீடுகளில் வரலாற்று ஆசிரியை அவள்தான்.

இனி என் தொழில் பக்கம். நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவராக இருந்த ரீட்டா ஷரோன், நோயாளியின் கதையைச் சரியாகக் கேட்கவென்றே ஆங்கில இலக்கியத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 2000ஆம் ஆண்டில் அங்கு எடுத்துரைப்பு மருத்துவம் என்ற கற்கைநெறியைத் தொடங்கினார். படித்தபோது சிரித்துக்கொண்டேன். நம்மூரில் கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி, “மேல் மலையில கூடையை இறக்கும்போதே சுருக்குன்னு புடிச்சிச்சு டொக்டரம்மா. இடையில வந்தா அரைப்பேர் ஆயிடும்னு இருந்துட்டேன்” என்பாள். நோயாளிச் சீட்டில் ‘வயிற்றுவலி, 3 நாள்’ என்று பதிவாகும். வலி பதிவாகிறது, அவள் ஏன் 3 நாள் தாமதித்தாள் என்பது பதிவாவதில்லை. அடுத்த முறையும் அவள் தாமதித்தே வருவாள், ஏனென்றால் அரைப்பேர் அங்கேயே இருக்கிறது.

2023இல் மலையகம் 200 என்று மலர்கள் பல வந்தன. புள்ளிவிவரங்கள் நிறைய இருந்தன. பெரும்பாலான கட்டுரைகளில் ‘அம்மக்கள்’ என்றே நம்மைக் குறிப்பிட்டிருந்தார்கள். எழுதியவர்களில் நம்மவரும் இருந்தார்கள் என்பதுதான் உறுத்தியது. ரொறன்ரோவிலோ லண்டனிலோ கொழும்பிலோ இருந்து இதை வாசிக்கும் தோழியருக்கு ஒரு வேண்டுகோள். அம்மாயியோ அப்பத்தாவோ இன்னும் இருந்தால், கைத்தொலைபேசியில் அவரது பேச்சைப் பதிந்துவையுங்கள். பிரட்டுக்களம், பிள்ளைக்காம்பரா, கவ்வாத்து என்று அவர் சொல்லும் சொற்களைத் திருத்தாதீர்கள். ஆண்டுகள் முன்பின்னாக வந்தாலும் இடைமறிக்க வேண்டாம். எதை முதலில் சொல்கிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.