பச்சை குத்தும் மெஷின்: சேலம், நாமக்கல் சமவெளி

ஊசியை மேலும் கீழுமாக ஓட்டித் தோலுக்குள் மையை இறக்கும் கைக்கருவி. இன்று புழக்கத்தில் இரண்டு வகை உண்டு. மின்காந்தச் சுருளின் இழுப்பில் அடிப்பது காயில் மெஷின். சிறு மோட்டாரின் சுழற்சியை ஊசியின் ஏற்ற இறக்கமாக மாற்றுவது ரோட்டரி மெஷின். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்த்தெடுத்த ரோட்டரிகள் சந்தையில் மலிந்து கிடக்கின்றன. ஆனாலும் குத்துபவரின் கைக்கும் வேலைக்கும் ஏற்ப லேத்தில் கடைந்து ஒவ்வொன்றாகச் செய்யும் மெஷினுக்குத் தொழில்முறைக் கலைஞர்களிடம் தனி மதிப்பு இருக்கிறது.

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தக் கருவியின் வரலாறு நூலால் சேர்த்துக் கட்டிய மூன்று நான்கு தையல் ஊசிகளில் தொடங்குகிறது. அந்த ஊசிக்கட்டைக் கட்டியவரும், மையைக் கூட்டியவரும், குத்தியவரும் ஒரே பெண். கருவியைச் செய்பவரும் அதைப் பிடிப்பவரும் ஒருவராகவோ, ஒருவருக்கொருவர் எட்டும் தூரத்திலோ இருப்பது இந்தத் தொழிலில் அன்று முதல் இன்று வரை தொடர்கிறது. (நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1 அன்று. அதற்கு முந்தைய பதிவுகளில் சேலம் ஜில்லா என்றால் இரண்டும் சேர்ந்தது.)

ஊசிக்கட்டு

பச்சை குத்துதலின் தொன்மைக்குச் சான்றாகச் சங்க இலக்கியத்துத் தொய்யிலைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அது பொருந்தாது. தொய்யில் குழம்பு கொண்டு தோளிலும் மார்பிலும் எழுதிய கோலம், கழுவினால் போய்விடும். ஊசியால் குத்தி நிலைக்கவைக்கும் தொழில் வேறு. தமிழகத்தில் அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தவர்கள் பெரும்பாலும் குறவர் சமூகத்துப் பெண்கள்.

அவர்களுடைய முறையை எழுத்தில் விரிவாகப் பதிந்தவர் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன். ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் அவர் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் மை கூட்டும் விதமே சொல்லப்பட்டிருக்கிறது. மஞ்சள் பொடியையும் அகத்திக் கீரையையும் சேர்த்து ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த மண்பாத்திரத்தில் படியும் கரியைச் சுரண்டி எடுப்பார்கள். அதைத் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை தயார். தோலைக் கழுவி, உருவை வரைந்து, ஊசிக்கட்டை மையில் தொட்டுப் புள்ளி புள்ளியாகக் குத்துவார்கள். முடிந்ததும் வீக்கம் வராமலிருக்க மஞ்சள் பூசுவார்கள். ஒரு புள்ளிக்கோ கோட்டுக்கோ காலணா, பெரிய உருவுக்குப் பன்னிரண்டு அணா வரை கூலி.

மோவாயில் ஒற்றைப் புள்ளி, முன்கையில் கோலம், தேள், மயில், கணவன் பெயர் என்று இந்தச் சமவெளியின் பாட்டிமார் கைகளில் இன்றும் அந்த வேலையைப் பார்க்கலாம். வலி தெரியாமலிருக்கப் பாடிக்கொண்டே குத்துவது வழக்கம். இடது கையின் விரல்கள் தோலை இழுத்து விறைப்பாகப் பிடித்திருக்கும். வலது கை சீரான தாளத்தில் இறங்கி ஏறும். இழுப்பு தளர்ந்தால் கோடு அலையும். இன்றைக்கு எத்தனை விலையுயர்ந்த மெஷினைக் கையில் கொடுத்தாலும், தோலை இழுத்துப் பிடிக்கத் தெரியாதவர் நேர்கோடு போட முடியாது.

சேலம் பகுதியில் இந்தப் பெண்களின் வாழ்வு உப்போடு பிணைந்திருந்தது. உப்புக் குறவர்கள் கடற்கரையிலிருந்து உப்பைக் கழுதைகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுவந்து தானியத்துக்கு மாற்றியவர்கள். ஆண்கள் உப்பு விற்ற தெருக்களில் பெண்கள் குறி சொன்னார்கள், கூடை விற்றார்கள், பச்சை குத்தினார்கள். 1860களில் சேலம் வழியாக ரயில் ஓடத் தொடங்கிய பின் உப்பு ரயிலில் ஏறியது. கழுதைப் பொதிக்கு வேலையில்லாமல் போனது. பிறகு வந்தது 1911ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடியினர் சட்டம். வடஇந்தியாவில் 1871 முதலே இருந்த கொடுமை இதன்வழி சென்னை மாகாணத்துக்கும் வந்து, குறவர் பிரிவுகள் பலவற்றைக் குற்றப் பரம்பரையாக அறிவித்தது. ஊர் ஊராகப் போவதே பிழைப்பாக இருந்தவர்கள் ஊர் விட்டு ஊர் போவதற்குக் காவல் நிலையத்தில் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. ஒரு கைத்தொழிலின் கழுத்தை நெரிக்க இதைவிட வேறு வழி தேவையில்லை. சென்னை மாகாணம் 1947இலும், நாடு முழுமைக்குமாக நடுவண் அரசு 1952இலும் சட்டத்தை நீக்கின. தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலில் ‘சேலம் உப்புக் குறவர்’ என்ற பெயர் சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்கு உரியதாக இப்போதும் இருக்கிறது. பச்சை குத்துதலின் வரலாற்றை எழுதுபவர்கள் நியூயார்க்கின் மின்மெஷினில் தொடங்கி, இந்தப் பெண்களை ஓர் அடிக்குறிப்பாகக் கடந்துபோவது நியாயமில்லை.

கூலிவேலைக்குப் பர்மா போய்த் திரும்பியவர்கள் அந்நாட்டு முறையில் குத்திய நுணுக்கமான உருவங்களோடு வந்ததையும் தர்ஸ்டன் குறித்திருக்கிறார். பர்மியக் கருவி நீண்ட பித்தளைத் தண்டு. நுனி பிளந்திருக்கும், தலையில் கனத்துக்கு ஒரு குமிழ். அந்தக் கனமே ஊசியை இறக்கும். அது இங்கே வேரூன்றவில்லை.

மின்சாரம்

மெஷினின் பிறப்பு எழுதுகோலில். தாமஸ் எடிசன் 1876இல் காப்புரிமை பெற்ற மின்பேனா, தாளில் வரிசையாகத் துளையிட்டு நகலெடுக்கப் பயன்பட்டது. பேனாவின் தலையில் சிறு மோட்டார், அதில் சுழலும் சக்கரம், அதற்குக் கீழே நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 முறை குத்தும் ஊசி. அலுவலகங்களில் அது நெடுநாள் நிலைக்கவில்லை. நியூயார்க்கில் பச்சை குத்திக்கொண்டிருந்த சாமுவேல் ஓரைலி அதே அமைப்பில் மைக்குழாயையும் ஊசித்தொகுதியையும் சேர்த்து 1891 டிசம்பர் 8 அன்று காப்புரிமை பெற்றார். பச்சை குத்துவதற்கென்று உலகில் காப்புரிமை பெற்ற முதல் மின்மெஷின் அது. அது ரோட்டரி. சுழல்முறை நேற்று வந்த புதுமை என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் அதுவே மூத்தது.

அடுத்த எண்பது ஆண்டுகள் காயிலின் காலம். லண்டனில் சதர்லேண்ட் மெக்டொனால்ட் 1894இலும், நியூயார்க்கில் சார்லி வாக்னர் 1904இலும், டெட்ராய்ட்டில் பெர்சி வாட்டர்ஸ் 1929இலும் தத்தம் மெஷின்களுக்குக் காப்புரிமை பெற்றார்கள். மூவரும் தாங்களே பச்சை குத்தியவர்கள். காயிலின் இயக்கம் வீட்டு அழைப்புமணியின் இயக்கமே. மின்சாரம் பாய்ந்ததும் சுருள் காந்தமாகி மேலிருக்கும் இரும்புப் பட்டையை இழுக்கும். பட்டை இறங்கியதும் காண்டாக்ட் ஸ்க்ரூவின் தொடர்பு அறும். ஸ்பிரிங் பட்டையைத் திரும்பத் தூக்கும். தொடர்பு மீண்டும் ஒட்டும். இப்படி நொடிக்கு நூறு முறை அளவில் நடக்கும்போது எழுவதுதான் அந்த ‘கிர்ர்’ சத்தம்.

மேட்டூர் அணையின் நீர்மின்சாரம் 1937 முதல் இந்தச் சமவெளியின் ஊர்களுக்கும் தறிகளுக்கும் வந்துவிட்டபோதிலும், பச்சை குத்துபவரின் மெஷின் நெடுங்காலம் பேட்டரியிலேயே ஓடியது. கூட்டம் எங்கே கூடுகிறதோ அங்கேதான் கடை. ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழா, வைகாசியில் திருச்செங்கோட்டுத் தேர், வாரச் சந்தைகள் என்று தமிழகத்தின் திருவிழாக் கூட்டங்களில் உட்காரும் பச்சைக்காரருக்குத் தரையில் ஒரு துணி, மாதிரி உருவங்கள் வரைந்த அட்டை, பேட்டரி, கையால் சுருள் சுற்றிய மெஷின் ஆகியவை போதும். 1970களில் எம்.ஜி.ஆர். தம் கட்சிக்காரர்களைக் கையில் கட்சிக்கொடியைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னது பெரிய சர்ச்சையானது. ஆனால் ஊர்ப்பக்கத்துப் பச்சைக்காரர்களுக்கு அது வேலை கொடுத்தது. அந்தக் கொடி மங்கிய கைகளை இன்னும் பார்க்கலாம்.

இந்தத் திருவிழா மெஷின்களின் கைவினைத் திறமையைப் பாராட்ட வேண்டும். சுகாதாரத்தைப் பாராட்ட முடியாது. ஒரே ஊசியால் வரிசையாகப் பலருக்குக் குத்தும் பழக்கம் மஞ்சள்காமாலைக் கிருமிகளுக்கும் எச்.ஐ.வி.க்கும் நேர்வழி.

ரோட்டரியின் மறுவருகை

1970களின் இறுதியில் ஜெர்மனியின் ஹனோவரைச் சேர்ந்த கலைஞர் மான்ஃப்ரெட் கோர்ஸ் மோட்டாரால் ஓடும் புதிய அமைப்பைக் கொண்டுவந்தார். ஆனாலும் ரோட்டரியைத் தொழில்முறைக் கடைகளில் நிலைநிறுத்தியவை வேறு இரண்டு. முதலாவது, இரும்பு உள்ளகம் இல்லாத கோர்லெஸ் மோட்டார். ஃபிரிட்ஸ் ஃபவுல்ஹாபர் 1958இல் உருவாக்கிய சாய்வுச் சுருள் முறையில் சுற்றிய இந்த மோட்டார் விரல் பருமனே இருக்கும், உடனே வேகம் பிடிக்கும், அதிர்வு குறைவு. இரண்டாவது, கார்ட்ரிட்ஜ். ஊசியும் குழாயும் ஒன்றாய் அடைத்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் இதை 2000களின் பிற்பாதியில் பெர்லினைச் சேர்ந்த எம்டி டெர்ம் நிறுவனத்தின் ‘செயேன்’ மெஷின் பரவலாக்கியது. இரத்தமும் மையும் மோட்டார் பக்கம் ஏறாமல் தடுக்க நல்ல கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். ஊசியைப் பின்னுக்கு இழுப்பதும் அதே சவ்வுதான்.

கையால் செய்யும் முறை

ரோட்டரியின் உயிர் கேம். மோட்டார் ஷாஃப்ட்டில் மாட்டும் சுண்டுவிரல் நகமளவு உலோகத் துண்டு அது. அதன் மையத்தில் ஷாஃப்ட்டுக்கான துளை. மையத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு முள். முள்ளின் மேல் 3 மி.மீ. துளையுள்ள குட்டி பேரிங். முள் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதன் இருமடங்கு ஊசியின் ஓட்டம். 1.75 மி.மீ. தள்ளினால் 3.5 மி.மீ. ஓட்டம் கிடைக்கும். இதைக் கடைய நாலு தாடைச் சக்கில் உலோகத் தண்டை மையம் விலக்கிப் பிடிக்கிறார்கள். டயல் கேஜை ஒட்டவைத்துச் சக்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால், கேஜின் முள் மொத்தம் 3.5 மி.மீ. போய்த் திரும்ப வேண்டும். குறைந்தால் ஒரு தாடையைத் தளர்த்தி எதிர்த்தாடையை இறுக்கி, மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். கேமின் முள்ளைக் கடைவது சில நிமிட வேலை. தண்டை அந்த இடத்துக்குக் கொண்டுவருவதில்தான் நேரம் போகும்.

ஓட்டம் 4 மி.மீ. பக்கம் இருந்தால் மெஷின் ஹார்டாக அடிக்கும். தடித்த கோடு இழுக்க லைனராக வைத்துக்கொள்வார்கள். 3 மி.மீ. பக்கம் வந்தால் சாஃப்ட்டாக விழும். நிழல் கொடுப்பதற்கு உகந்தது. ஓட்டமும் ஆழமும் ஒன்றல்ல. மை தங்க வேண்டியது மேல்தோலுக்குக் கீழே, 1 முதல் 2 மி.மீ. ஆழத்தில். அதை முடிவு செய்வது நுனியில் ஊசி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் குத்துபவரின் கையுமே. மேலோடு குத்தினால் மை உதிர்ந்துவிடும். ஆழம் கூடினால் கோடு ஊறிப் பரவும்.

கேமின் ஒரு பக்கம் முள் இருப்பதால் எதிர்ப்பக்கம் எடை விட்டுக் கடைய வேண்டும். 6 முதல் 9 வோல்ட்டில், நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் பொருளில் அந்த எடை பொருந்தாவிட்டால் அதிர்வு நேரே விரல்களுக்கு வரும். நாலைந்து மணி நேரம் குத்துபவருக்கு மாலையில் விரல் மரத்துப்போகும், மணிக்கட்டு வலிக்கும். ஆகவே நல்ல கைவினைஞர் மெஷினை ஓடவிட்டு முதலில் காதால் கேட்பார். தட்டும் சத்தம் வந்தால் ஷாஃப்ட் துளை பெரிதாகிவிட்டது, அல்லது கேமை இறுக்கும் கிரப் ஸ்க்ரூ ஷாஃப்ட்டின் தட்டைப் பக்கத்தில் உட்காரவில்லை. சத்தம் இழுத்து இழுத்து வந்தால், ஊசியைத் தள்ளும் ஸ்லைடர் அதன் துளையில் இறுகுகிறது. உடலுக்கு அலுமினியம், ஸ்லைடருக்கு அசிட்டால் பிளாஸ்டிக், கேமுக்குப் பித்தளை அல்லது எவர்சில்வர் என்பது பொதுவான தேர்வு. மோட்டாரை ஆட்டோகிளேவில் வைக்க முடியாது என்பதால், கையில் பிடிக்கும் கிரிப் தனியே கழன்று வரும்படி செய்தால் அதை மட்டும் 121 டிகிரி நீராவியில் கிருமிநீக்கம் செய்துகொள்ளலாம்.

இந்த வேலைக்கு வேண்டிய கைகள் இந்தச் சமவெளியில் ஏராளம். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளுக்கும், நாமக்கல் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கும், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக்குகளுக்கும் உதிரிபாகம் கடைகிற லேத்துகள் தெருவுக்குத் தெரு உண்டு. சேலம் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறைகளில் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பவர்களின் கண்ணுக்கும் விரலுக்கும், ஊசிகளை ஏழாகவும் ஒன்பதாகவும் சேர்த்துத் தண்டில் பற்றவைக்கும் பழைய வேலை ஒரு பொருட்டே அல்ல. ஒரு ரோட்டரியின் பாகங்களில் இந்தப் பட்டறைகளுக்கு எட்டாதது கோர்லெஸ் மோட்டார் ஒன்றே. அது ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஜப்பான், சீனாவிலிருந்து வருகிறது.

பழைய டேப்ரெக்கார்டர் மோட்டாரும் பேனாக் குழாயும் கொண்டு வீட்டிலேயே ரோட்டரி செய்து பார்க்கும் இளைஞர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. மெஷின் ஓடும் என்பதில் ஐயமில்லை. கிருமிநீக்கம் செய்ய முடியாத குழாயும் தையல் ஊசியும் தோலுக்குள் போகக் கூடாது என்பதிலும் ஐயமில்லை. முறையாகச் செய்த கைவினை மெஷினில் கார்ட்ரிட்ஜ் மாட்டும் வாய் பொது அளவில் இருக்கும். எந்தக் கம்பெனி கார்ட்ரிட்ஜும் பொருந்தும். ஆண்டுக்கணக்கில் ஓடி பேரிங் தேய்ந்தால், கேமைக் கழற்றிப் புது பேரிங் போட்டுத் திரும்ப மாட்டிக் கொடுக்க அதைச் செய்தவராலேயே முடியும். அதற்கு அரைமணி நேரம் போதும்.