பூமுகமும் திண்ணையும்

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்து வாடகை வீடு தேடியபோது தரகர் பெருமையாகச் சொன்னார், "நல்ல முற்றம் உண்டு சார்". மதுரைக்காரனான எனக்கு முற்றம் என்றால் வீட்டின் நடுவே வானம் தெரிகிற இடம். அவர் காட்டியதோ வாசலுக்கு வெளியே, மதிலுக்குள்ளே கிடந்த மண்தரை. மலையாளத்தில் அதுதான் முற்றமாம்! வீட்டு முகப்பைப் பற்றி இந்த ஊரில் இரண்டு வேறு எண்ணங்கள் பல தலைமுறைகளாகப் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பழைய கேரள வீடு தெருவைப் பார்க்காது. வெளியே படிப்புரை, அதைத் தாண்டி முற்றம், அதற்கு அப்புறம்தான் வீடு. முன்புறத் திறந்த கூடத்துக்குப் பூமுகம் என்று பெயர். என்ன அழகான சொல் பாருங்கள். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் அதன் பூமுகத்தில் மரத்தில் செதுக்கிய பூக்களை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள்.

தமிழர் வீடு நேர் எதிர். தெருவிலேயே திண்ணை, திண்ணைக்கு முன்னால் கோலம். மார்த்தாண்ட வர்மா 1750-ல் ராஜ்யத்தையே பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்தார். அவருக்குப் பின் வந்த தர்மராஜா காலத்தில் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து இங்கே வந்தது. கோயில் காரியம், கச்சேரி உத்தியோகம் என்று தமிழ் பிராமணக் குடும்பங்கள் கோட்டைக்குள்ளும் வலியசாலை, கரமனை பக்கங்களிலும் அக்கிரகாரங்களில் குடியேறின. சாலைக் கடைத்தெருவில் தமிழ் வியாபாரிகள். அக்கிரகாரத்தில் ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். முகப்பு குறுகல், உள்ளே ரயில் பெட்டி போல நீளம். தனியாகக் காட்டிக்கொள்ள அதிகம் இல்லை. மொத்தத் தெருவுக்கும் சேர்த்து ஒரே முகம்.

அந்த முகத்தைக் கழுவித் துடைக்கும் காலம் பங்குனி. பத்மநாப சுவாமிக்கு வருஷத்தில் இரண்டு பத்து நாள் திருவிழா, ஐப்பசியிலும் பங்குனியிலும். பங்குனி விழாவுக்குக் கிழக்கு நடையில் பஞ்சபாண்டவர்களின் ராட்சத உருவங்களை நிறுத்துவார்கள். மழை தரும் இந்திரனைக் குளிர்விக்க என்பது நம்பிக்கை. பத்தாம் நாள் ஆறாட்டு ஊர்வலம் மேற்குக் கோட்டை வழியாகச் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். நடுவில் விமான நிலைய ஓடுபாதை குறுக்கிடுகிறது. 1932-ல் வந்த விமான நிலையம்தான் அன்று சில மணி நேரம் ஒதுங்கிக்கொள்கிறது!

சாமி வருகிற நேரத்தில் வீடு அழுக்காக இருக்கலாமா? வெள்ளையடிப்பு, காவிப் பட்டை, மாக்கோலம். பக்தி போக, இதில் கணக்கும் இருக்கிறது. ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி மழை பிடித்துவிடும். சுவர் காய்ந்திருக்கும் கடைசிக் காலம் இதுதான். பழைய சுவர்கள் வெட்டுக்கல்லும் சுண்ணாம்புக் காரையும். சுண்ணாம்பு பூசினால் உள் ஈரம் வெளியேறும். இன்றைய பிளாஸ்டிக் பெயிண்டை அதன்மேல் அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு அடுத்த மழைக்குள் பொரிப்பொரியாக உரிகிறது. ஊரில் பழைய வீடு வைத்திருக்கும் வெளிநாட்டு நண்பர்கள் குறித்துக்கொள்ளவும்.

ஆனால் இந்த அழகான முகப்புகளைப் பற்றி எழுதும்போது ஒன்றை விடக்கூடாது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் அன்று எல்லோராலும் நடக்க முடிந்ததில்லை. ஓடு வேய்ந்து வீடு கட்டுவதுகூட ஒரு காலத்தில் சாதியைப் பொறுத்த உரிமை. காசு இருந்தால் போதாது. 1893-ல் இந்த ஊருக்குப் பக்கத்து வெங்ஙானூரில் அய்யன்காளி வில்லுவண்டி ஏறிப் பொதுச்சாலையில் ஓட்டினார். 1924-25 வைக்கம் போராட்டமே கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்குத்தான். நம் பெரியார் சிறை சென்றது அதற்காக. கோயில் கதவு 1936 நவம்பர் 12-ல் திறந்தது. திண்ணையின் பழம்பெருமை பேசுகிறவர்கள் அந்தத் திண்ணைக்கு எதிரே யாரால் நடக்க முடிந்தது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

அதனால்தான் எனக்கு ஆற்றுக்கால் பொங்காலை பிடித்திருக்கிறது. மாசியில் வரும். கண்ணகி மதுரையை எரித்துவிட்டு வந்து இளைப்பாறிய இடம் என்கிறார்கள் (மதுரைக்காரன் என்று இங்கே சத்தமாகச் சொல்வதில்லை!). அன்று கோயிலைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்குச் சாலையெங்கும் அடுப்பு. 1997-ல் 15 லட்சம், 2009-ல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸில் பதிவானது. சாதி கேட்காமல், மதம் கேட்காமல் வீட்டு வாசலைக் கழுவி இடம் விட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுக்கிறார்கள். சமீப ஆண்டுகளில் அந்த அடுப்புச் செங்கற்களை மாநகராட்சி சேகரித்து ஏழைகளுக்கு வீடு கட்டக் கொடுக்கிறது.

அக்கிரகாரத் திண்ணைகள் குறைந்துகொண்டே வருகின்றன. சிலவற்றுக்குக் கம்பி போட்டுவிட்டார்கள், சில கார் நிறுத்துமிடமாகிவிட்டன. வீட்டுக்கடன் மதிப்பீட்டு அறிக்கைகளை நான் தினமும் பார்க்கிறேன். எத்தனை சென்ட், எத்தனை சதுர அடி, கட்டடத்தின் வயது என்று எல்லாம் இருக்கும். திண்ணைக்கு ஒரு வரி கிடையாது. இருக்கிற வரை பார்த்துவிடுவது நல்லது. பங்குனியில் இந்தப் பக்கம் வந்தால் விடியற்காலையில் வலியசாலைத் தெருவில் நடந்து பாருங்கள். ஆறரைக்குள் போனால் ஸ்கூட்டர்கள் கோலத்தை அழித்திருக்காது.