படிவத்தில் இல்லாத காயம்

விசுவமடு வழக்கு எங்கட வயசுக்காரர் கனபேருக்கு ஞாபகம் இருக்காது. 2010இல் மீள்குடியேறி வந்த பெண்ணுக்கு நடந்த பாலியல் வல்லுறவுக்காக, 2015 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றம் நான்கு இராணுவத்தினருக்கு 25 வருடக் கடூழியச் சிறை விதித்தது. இழப்பீடும் கட்டச் சொன்னது. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. தீர்ப்போடு சேர்த்துக் கட்டிய இழப்பீடு தீர்ப்போடயே போயிற்று.

அது வழக்கு வரைக்கும் வந்ததே அபூர்வம். 2006 முதல் 2012 வரை தடுப்புக்காவலில் நடந்ததாகச் சொல்லப்பட்ட 75 சம்பவங்களை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2013இல் பதிவு செய்தது. அவற்றில் 41 பெண்கள், 31 ஆண்கள், 3 சிறுவர்கள். புலிகளோடு தொடர்பு என்ற சந்தேகத்தில் பிடிபட்டவர்கள். ஆண்களின் எண்ணிக்கையைப் பாருங்கோ. ஊரில் அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கிறேல்ல.

போருக்குப் பிறகு சுமார் 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முடித்து வீடு திரும்பினார்கள். அரச படையில் ஊனமடைந்தவருக்கு ஓய்வூதியம் உண்டு, இவர்களுக்கு அப்படி ஒண்டும் இல்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான புனர்வாழ்வு அதிகாரசபையோ இறப்பு, உடற்காயம், சொத்திழப்பு என்றுதான் கணக்குப் பார்த்தது. கால் போனால் எழுத இடம் உண்டு. இதை எங்கே எழுதுவது?

2018இல் இழப்பீடுகளுக்கான அலுவலகம் சட்டமானது. மனித உரிமை மீறலுக்கு ஆளானவரும் அதில் பாதிக்கப்பட்டவர்தான். காகிதத்தில் நல்ல முன்னேற்றம். ஆனால் ஒரு பெண் கிராம அலுவலரிடம் போய் இதைச் சொன்னால், பின்னேரத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும். எதைக் கொண்டு, ஆரிட்டப் போய் நிரூபிக்கிறது என்பதுதான் உண்மையான சிக்கல்.

அமெரிக்கா தன் சொந்தப் படைக்குள் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு 2002இல் விதியைத் தளர்த்தியது. முறைப்பாடோ தண்டனையோ வேண்டாம். அந்தக் காலத்தில் வீட்டுக்கு எழுதிய கடிதம், திடீரென்று கேட்ட இடமாற்றம், வேலையில் வந்த சரிவு என்பவையும் ஊனக் கொடுப்பனவுக்குச் சான்றாகலாம். எங்களுக்கு இன்னும் கிட்டவான உதாரணம் கொசோவோ. போராளிகள், மாவீரர் குடும்பங்களுக்கென்று இருந்த சட்டத்தில் பாலியல் வன்முறையில் தப்பியவர்களையும் 2014இல் சேர்த்தார்கள். 2018இல் மாதம் 230 யூரோ வரை கொடுக்கத் தொடங்கினார்கள். விண்ணப்பத்தைத் தொண்டு நிறுவனம் மூலமாகவே கொடுக்கக்கூடியதாக இருந்தது, பெயர் வெளியே வராது. அங்கேயும் வெட்கத்தால் வராதவர்கள் கனபேர். இங்கே, வர நினைக்கிறவருக்கும் கிராம அலுவலரின் மேசையைத் தவிர வேற வழி காட்ட ஆளில்லை.